ஒரு வடிகால் மூடி நகர்மன்றத்தைக் கடப்பது எப்படி: மனு முதல் பட்டியல் (பில்) தொகை வரை

அன்றைய அஜெண்டாவில் 61 பொருள்கள் இருந்தன. தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, மறைந்த முன்னாள் உறுப்பினர் ஒருவருக்காக எழுந்து நின்று, எல்லோரும் மறுபடி உட்கார்ந்தபோது மணி 11.20. எழுத்தர் முதல் நான்கு பொருள்களை வாசித்தார். ஐந்தாவதற்குத் தாளைப் புரட்டும்போதே முன்வரிசையிலிருந்து ஒருவர் மேசையைத் தட்டினார். "எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். மொத்தமாக நிறைவேற்றலாம்." இரண்டு பேர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஒருவர் வெளிநடப்புச் செய்தார். 11.45க்குத் தேநீர் வந்துவிட்டது.

அந்த 61இல் 23ஆவது எங்கள் தெரு வடிகால் மூடி. கூட்டத்தில் அதை யாரும் வாசிக்கவில்லை, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஆனால் நிறைவேறிவிட்டது. அந்த ஒற்றைப் பத்தி அஜெண்டாவில் ஏற நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

சிறு நகராட்சி ஒன்றின் கூட்டங்களைப் பத்திரிகையாளர் பெஞ்சிலிருந்து பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகர்மன்றக் கூட்டம் முடிவெடுக்கும் இடம் அன்று. எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தும் இடம். கூட்டத்தன்று போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர், தாலி கட்டி முடிந்த பிறகு பெண் பார்க்க வந்தவரைப் போல. வேலை நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெரு மூடியையே பிடித்துக்கொண்டு அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கடந்து பார்ப்போம்.

புறப்படும் முன்: யார் எந்த நாற்காலியில்?

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி மூன்று வகை: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. இங்கே பேசுவது நடுவில் இருக்கும் நகராட்சியைப் பற்றி. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி, 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற தண்டவாளத்துக்கு மாறியிருக்கிறது. சட்டத்தின் பெயரில் 1998, நடைமுறையில் 2023. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். அரசுக் கோப்புகள் நகரும் வேகம் பற்றி யாராவது கேட்டால் இதையே உதாரணமாகச் சொல்லலாம். அலுவலகத்தின் பழக்கவழக்கங்களும் வார்த்தைகளும் இன்னும் பெரும்பாலும் பழைய சட்டத்தின் வாசனையோடுதான் இருக்கின்றன.

வார்டு உறுப்பினர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். தலைவரை அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு, மார்ச் 2இல் பதவியேற்பு, மார்ச் 4இல் தலைவர், துணைத் தலைவருக்கான மறைமுகத் தேர்தல். அதற்கு முன், 2016 அக்டோபரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து நகராட்சிகள் ஓடின. அந்த ஐந்தாண்டில் தங்கள் தெருவுக்கு வேலை கேட்டு அலைந்தவர்களுக்கு, உறுப்பினர் என்று ஒருவர் இருப்பதன் அருமை தெரியும்.

தலைவர் கூட்டத்தை நடத்துவார். ஆனால் அலுவலகத்தை நடத்துபவர் ஆணையாளர். அவர் அரசு ஊழியர். இன்று இங்கே, நாளை வேறு ஊர். அவருக்குக் கீழே பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு, கணக்கு, பொது நிர்வாகம் என்று பிரிவுகள். உறுப்பினருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், தலைவருக்கு 15,000. இடங்களில் பாதி பெண்களுக்கு. கூட்ட அரங்கில் உறுப்பினர் உட்கார்ந்திருக்க, வராந்தாவில் அவருடைய கணவர் ஒப்பந்ததாரருடன் பேசிக்கொண்டிருக்கும் காட்சி எந்த ஊருக்கும் புதிதன்று. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் ஆண்டு கணவர் எழுதிக் கொடுத்ததை வாசித்த பெண் உறுப்பினர்கள் சிலர், மூன்றாம் ஆண்டில் குடிநீர்க் குழாயின் விட்டத்தை வைத்துப் பொறியாளரை மடக்கினார்கள்.

இந்த நாற்காலியைச் சிறியது என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி, ஈரோடு நகராட்சித் தலைவர் பெரியார். இருவரும் பெரிய அரசியலுக்குப் போகும் முன் குழாயும் சாக்கடையும் பார்த்தவர்கள்தாம்.

முதல் படி: வேலை நகராட்சியுடையதுதானா?

பாதி மனுக்கள் இங்கேயே தொலைந்துபோகின்றன. ஊருக்குள் ஓடும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அதன் ஓரத்து வடிகாலும் அவர்களுடையதாக இருக்கலாம். மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் மாட்டியிருக்கும் தெருவிளக்கு நகராட்சியினுடையது. ஏரி பொதுப்பணி வழி வந்த நீர்வளத் துறையிடம் இருக்கலாம், அதில் கலக்கும் கழிவுநீர் மட்டும் நம்முடையது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர் எல்லைக்கு வெளியே தண்ணீர் வரும் குழாயைக் குடிநீர் வடிகால் வாரியம் பார்க்கும். ஊருக்குள் பகிர்வது நகராட்சி.

தெருவில் நின்று பார்த்தால் இது தெரியாது. பொறியியல் பிரிவில் ஒரு சாலைப் பதிவேடு இருக்கும். நம் தெரு அதில் இருக்கிறதா, எத்தனை மீட்டர் நீளம், கடைசியாக எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில் வேலை நடந்தது என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அண்மையில் போட்ட வேலை என்றால், குறைபாடு சரிசெய்யும் பொறுப்புக் காலம் முடியாமல் இருக்கலாம். அப்போது புது மதிப்பீடே தேவையில்லை. பழைய ஒப்பந்ததாரரையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லலாம்.

இரண்டாம் படி: மனு

எங்கள் தெருவில் உடைந்த மூடியின் ஓட்டையில் யாரோ ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைத்திருந்தார்கள். இரவில் வருகிறவர்களுக்கு அடையாளம். கிளை காய்ந்ததும் புதுக் கிளை வைப்பார்கள். மூன்று முறை கிளை மாறிய பிறகுதான் நான் மனு எழுதினேன்.

மனுவில் பொதுநலப் பிரசங்கம் வேண்டாம். வார்டு எண், தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எத்தனை மூடிகள் உடைந்துள்ளன, எத்தனை இல்லவே இல்லை, இரண்டு புகைப்படங்கள். இது போதும். ஆணையாளர் பெயருக்கு ஒன்று, நகல் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பத்து நாள் கழித்துப் போய் அந்த மனுவுக்கு விழுந்த ந.க. எண் என்ன என்று கேளுங்கள். அலுவலகத்தில் ஒரு காகிதம் கோப்பாகப் பிறந்ததற்கு அடையாளம் அந்த எண். எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதியிருக்கும் எழுத்து, கோப்பு எந்தப் பிரிவில் எந்த மேசையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அதன் பிறகு "என் மனு என்னாயிற்று?" என்று கேட்க வேண்டாம். எண்ணைச் சொல்லி, "கோப்பு இப்போது யாரிடம்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் "பார்க்கிறோம்" என்ற பதில் வரும். இரண்டாவதற்கு ஒரு பெயர் வரும்.

முதலமைச்சரின் 1100 எண்ணில் புகார் சொல்வது இன்னொரு வழி. அது கோப்பை மேலிருந்து கீழே தள்ளும். எரியாத விளக்கு, அள்ளாத குப்பை போன்ற உடனடி வேலைகளுக்கு நல்லது. பணம் ஒதுக்க வேண்டிய வேலைக்கு உறுப்பினரின் கோரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் சேர்ந்திருப்பதே பலம். 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கிராம சபை போலவே நகரத்திலும் மக்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம். அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் நடந்தன. உங்கள் பகுதியில் நடந்தால் தவறவிடாதீர்கள். அங்கே பதிவான கோரிக்கைக்கு, தனிமனிதர் மனுவுக்கு இல்லாத எடை உண்டு.

மூன்றாம் படி: மதிப்பீடும், பணம் எந்தப் பையிலிருந்து என்பதும்

பணி மேற்பார்வையாளர் ஒரு நாள் நாடாவோடு வருவார். அன்றைக்கு வீட்டில் இருங்கள். எங்கள் தெருவில் அவர் அளந்தபோது கூடவே நடந்தேன். வடிகாலின் அகலம், மூடியின் நீளம், கனம், கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். 41 மூடிகள் என்று எண்ணினார். அந்த எண் பிறகு வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பிலிருந்து, பொதுப்பணித் துறையின் அந்த ஆண்டு விலை விகிதப்படி இளநிலைப் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். அதற்குத் தொகையைப் பொறுத்து உரிய நிலை அலுவலரிடம் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். மன்றம் கொடுப்பது நிர்வாக அனுமதி. இரண்டும் வேறு வேறு. 'இந்த வேலையை இப்படிச் செய்ய இவ்வளவு ஆகும்' என்பது முதலாவது. 'சரி, இந்த வேலையைச் செய்வோம்' என்பது இரண்டாவது.

இனி பணம். நகராட்சியிடம் ஒரே உண்டியல் இல்லை. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. இதில் இருப்பதை அதற்கு எடுத்துச் செலவழித்தால் தணிக்கையில் கேட்பார்கள். இவற்றோடு வெளியிலிருந்து வரும் திட்ட நிதிகளும் நிதிக்குழு மானியமும். 15ஆவது நிதிக்குழுவின் 2021–26 மானியத்தில், பெருநகரமல்லாத ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதம்தான் கைக்குத் தளர்வாக இருந்தது. அதனால் கஜானாவில் பணம் இருக்கும்போதே, "பொது நிதியில் இருப்பு இல்லை" என்ற பதிலும் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. "எந்தத் தலைப்பில் இருப்பு இருக்கிறது? எங்கள் வேலை அதில் பொருந்துமா?" என்று திருப்பிக் கேளுங்கள். வடிகால் மூடியைச் சாலைப் பராமரிப்பில் கேட்டால் கிடைக்காதது, வடிகால் தலைப்பில் கேட்டால் கிடைக்கலாம். எங்கள் கோப்பு ஆறு வாரம் உறங்கியது இந்த இடத்தில்தான்.

தெருக்காரர்களே ஒரு பங்கைப் போட முடிந்தால் 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. எங்கள் தெருவில் அந்தப் பேச்சை எடுத்தபோது மூன்று வீட்டுக்காரர்கள் உடனே ஊருக்குப் போய்விட்டார்கள்.

நகராட்சிக்கும் பருவம் உண்டு. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டுபவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கொஞ்சம் பணப்புழக்கம் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை பேருந்து நிலையக் கழிப்பிடம், வாகன நிறுத்தம், சந்தைச் சுங்கம் ஆகியவற்றின் குத்தகை ஏலமும் பட்ஜெட்டும் அஜெண்டாவை நிறைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரில், வடிகால் என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் காது திறந்திருக்கும். எங்கள் மனு மே மாதம் போனது. ஜூலையில் போயிருந்தாலும் அதே செப்டம்பரில்தான் ஏறியிருக்கும் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

நான்காம் படி: அஜெண்டா

மொத்த வழியிலும் முக்கியமான கதவு இது. கூட்டத்துக்கு முன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அழைப்பும் கூட்டப்பொருள் பட்டியலும் போய்ச் சேர வேண்டும். பழைய சட்டத்தில் மூன்று முழு நாள் என்பது கணக்கு. ஆனால் பட்டியல் தயாராவது அதற்கும் பல நாள் முன்பு. ஒவ்வொரு பிரிவும் தன் பொருள்களை எழுதி அனுப்ப, ஆணையாளர் பார்த்து, தலைவரிடம் காட்டி, அதன் பிறகு அச்சுக்குப் போகும். ஆகவே கூட்டத்துக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பே உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அஜெண்டா கையில் கிடைத்த பிறகு, "எங்கள் தெருவை ஏன் சேர்க்கவில்லை?" என்று உறுப்பினரைப் பிடித்தால், "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், அண்ணா" என்பார். மன்றம் வழக்கமாக மாதம் ஒரு முறை கூடும். அடுத்தது என்றால் ஒரு மாதம்.

ஒரு பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதை அருகில் பார்ப்போம். எங்களுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பொருள் எண் 23. 14ஆவது வார்டில் மேற்படி தெருவில் சேதமடைந்த வடிகால் மூடிகளை அகற்றிவிட்டுப் புதிய கான்கிரீட் மூடிகள் அமைக்கும் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. இதற்கான செலவினத்தைக் குடிநீர் மற்றும் வடிகால் நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்."

கடைசி இரண்டு சொற்களில்தான் உயிர் இருக்கிறது. அலுவலகக் குறிப்பு என்பது அலுவலகத்தின் பரிந்துரை. 'அனுமதிக்கலாம்' என்றிருந்தால் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். 'மன்றம் முடிவு செய்யலாம்' என்றிருந்தால், அலுவலகம் இதில் கையை நனைக்க விரும்பவில்லை என்று அர்த்தம். அங்கே பேச்சு கிளம்பும், பெரும்பாலும் ஒத்திவைப்பில் முடியும்.

பொருள்கள் முடியும் விதத்தை வைத்து மூன்று வகையாகப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். 'பார்வைக்கு' என்று முடிந்தால் தகவல்: மாதாந்திரப் பிறப்பு இறப்புப் பதிவு, வரவு செலவு அறிக்கை, அரசிடமிருந்து வந்த கடிதம். 'அனுமதிக்கு' என்றால் இனி நடக்கப்போவது. 'பின்னேற்புக்கு' என்றால் முன்பே நடந்து முடிந்து, பணமும் பாதி போய்விட்ட வேலை. இந்த மூன்றாவது வகையை விடாமல் எண்ணிப் பாருங்கள். நீரேற்று நிலைய மோட்டார் நள்ளிரவில் எரிந்துபோனால் கூட்டம் வரும்வரை ஊர் தண்ணீரில்லாமல் காத்திருக்க முடியாது. தலைவரின் முன் அனுமதியோடு பழுது பார்த்துவிட்டுப் பிறகு மன்றத்துக்குக் கொண்டுவருவது நியாயமே. ஆனால் அதே மோட்டார் ஆண்டில் ஐந்து முறை எரிந்து ஐந்து முறையும் பின்னேற்புக்கு வந்தால், புது மோட்டார் வாங்கியிருக்கலாமே என்று யாராவது கேட்க வேண்டும். நான் பார்த்த மன்றத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியையான ஓர் உறுப்பினர், பழைய அஜெண்டாக்களை எல்லாம் நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். தலைவரை அவர் சத்தம் போட்டு எதிர்த்ததே இல்லை. "போன ஆகஸ்டில் பொருள் 37, அதற்கு முன் மார்ச்சில் 12" என்று மட்டும் சொல்வார். பொறியாளர் எழுந்து நிற்பார்.

ஐந்தாம் படி: முந்தின நாள் மாலை

ஆளும் தரப்பு உறுப்பினர்கள் கூடிப் பேசிக்கொள்வது வழக்கம். வார்டுக்கு வார்டு பங்கீட்டில் மனத்தாங்கல் இருந்தால் அங்கேயே வெடித்து அங்கேயே தணியும். நமக்கு அங்கே வேலையில்லை. எதிர்த்தரப்பு உறுப்பினருடைய வார்டில் வசிப்பவர்கள் மட்டும், பொருள் கடைசி நேரத்தில் உருவப்படாமல் இருக்கிறதா என்று ஒரு போன் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: கூட்டம்

பழைய சட்டத்தின் நடைமுறை விதிகள் கூட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருந்தன; காரணத்தைப் பதிவுசெய்துவிட்டு மட்டுமே வெளியேறச் சொல்ல முடியும். நடைமுறையில் பின்னால் பத்து நாற்காலிகள் இருந்தால் அதிகம். போய் உட்கார விரும்பினால் முந்தின நாளே மேலாளரிடம் சொல்லிவையுங்கள். உள்ளே உங்களுக்குப் பேச்சுரிமை இல்லை. உறுப்பினர் மூலம்தான் பேச முடியும்.

வருகைப் பதிவேட்டில் உறுப்பினர்கள் கையெழுத்திடுவார்கள். மூன்றில் ஒரு பங்கினர் இருந்தால் கூட்டம் நடத்தலாம் என்பது பழகிய அளவு. 27 வார்டு என்றால் 9 பேர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. முகூர்த்த நாளில் வைத்த கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது எங்கள் பெஞ்சில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

உறுப்பினர்கள் அதிகம் பேசுவது அஜெண்டாவில் உள்ளவற்றைப் பற்றியன்று. குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, குப்பை வண்டி ஏன் வரவில்லை, நாய்த்தொல்லை, எரியாத விளக்கு. இவை பொருள் எண் இல்லாத பேச்சுகள். தலைவர், "அதிகாரிகள் குறித்துக்கொள்ளுங்கள்" என்பார். பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். ஆனால் சுகாதார ஆய்வாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியும்: பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தெருவுக்கு மறுநாள் காலையில் வண்டி போய்விடும். அந்தப் பேச்சு கேட்கப்படும் இடம் தீர்மானப் பதிவேடு அன்று, அடுத்த நாள் காலை வருகைப் பதிவு எடுக்கும் இடம்.

எதிர்ப்பு இருந்தால் "எதிர்க்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. எந்தப் பொருளுக்கு, என்ன காரணத்துக்காக என்று எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் பதியச் சொல்ல வேண்டும். வெளிநடப்பு செய்தித்தாளுக்கு நல்ல படம். பதிவேட்டில் அதற்கு ஒரு வரிதான். வாக்கெடுப்பு வந்தால் பெரும்பான்மை. சமமாக நின்றால் தலைமை வகிப்பவரின் வாக்கு தீர்க்கும். சட்டத்தை மீறிய தீர்மானம் என்றால் அரசு அதை நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ முடியும். ஆகவே மன்றம் நிறைவேற்றியது என்பதே கடைசி வார்த்தை அன்று.

ஒட்டுமொத்தமாக நிறைவேற்றுவதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 61 பொருளையும் வாசித்தால் மாலையாகிவிடும் என்பது உண்மை. அவற்றில் 40க்கு விவாதம் தேவையில்லை என்பதும் உண்மை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தேவையில்லாத 40க்கு நடுவில் தேவையான 5 ஒளிந்துகொள்கின்றன. கடைகளின் குத்தகை நீட்டிப்பு, நகரமைப்பு தொடர்பான மாற்றம், வெளிமுகமை மூலம் ஆள் எடுப்பது ஆகியவை வந்தால் அந்த ஐந்தை மட்டுமாவது தனியே எடுத்து வாசிக்கச் சொல்லும் உறுப்பினர் ஒருவர் போதும், மன்றம் மன்றமாகிவிடும்.

ஏழாம் படி: ஒப்பந்தப்புள்ளி

தீர்மானம் நிறைவேறியதும் தெருவில் இனிப்புக் கொடுத்துவிட வேண்டாம். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, தலைவர் கையெழுத்திட்டு, நகல் பொறியியல் பிரிவுக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பிறகு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்ட விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். பத்து லட்சத்துக்கு உட்பட்ட பல சிறு வேலைகளை ஒரே அறிவிப்பில் சேர்த்து விடுவார்கள். அதனால் மற்ற வார்டுகளின் வேலைகள் தயாராகும்வரை உங்களுடையதும் காத்திருக்கும்.

பெறப்பட்ட புள்ளிகளில் குறைந்த தொகையை ஏற்பதற்கு ஒப்பந்தக் குழுவோ மன்றமோ அனுமதிக்க வேண்டும். அதாவது ஒரே வேலை இரண்டு முறை மேலே வரும்: மதிப்பீட்டுக்கு ஒரு முறை, ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு முறை. 'போன கூட்டத்திலேயே நிறைவேற்றிவிட்டார்களே, மறுபடியும் ஏன்?' என்று பலர் குழம்புவது இதனால்தான். இரண்டாவது முறை வரும்போது எத்தனை பேர் புள்ளி கொடுத்தார்கள், முதல் இருவரின் தொகைக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஊரில் எல்லா வேலைக்கும் இரண்டே இரண்டு புள்ளிகள், அதுவும் மதிப்பீட்டை உரசிக்கொண்டே வந்தால், அது தற்செயலா என்று உங்கள் உறுப்பினரிடம் கேட்கலாம்.

எட்டாம் படி: வேலையும் அளவுப் புத்தகமும்

வேலை உத்தரவு கொடுத்ததும் கோப்பு ஒப்பந்ததாரர் கைக்குப் போகிறது. உத்தரவின் நகலில் முடிக்க வேண்டிய தேதி இருக்கும். அதைத் தெருவில் நான்கு பேராவது தெரிந்துவைத்திருங்கள்.

நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மூடிகளை வெளியில் வார்த்துக் கொண்டுவருகிறார்களா, தெருவிலேயே வார்க்கிறார்களா. தெருவில் என்றால் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துகிறார்களா. தூக்குவதற்கு வளையம் வைத்திருக்கிறார்களா. வளையமில்லாத மூடியை அடுத்த முறை தூர்வாரக் கடப்பாரையால் நெம்புவார்கள், மறுபடி உடையும். எங்கள் பழைய மூடிகள் உடைந்த காரணமே அதுதான்.

முடிந்ததும் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார். பணம் அந்தப் புத்தகப்படிதான், மதிப்பீட்டின்படி அன்று. அளவில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டம் காகிதத்தைப் பார்க்கும் உரிமையை மட்டும் தரவில்லை. வேலை நடக்கும் இடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. கோப்பு எந்தக் கட்டத்தில் நின்றுபோனாலும் இதே சட்டத்தில், "ந.க. எண் இன்னதில் இன்ன தேதி முதல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள். அளவெல்லாம் சரியாக எழுதி முடித்த பிறகும் உள்ளாட்சி நிதித் தணிக்கை ஒன்று இருக்கிறது. ஆண்டுகள் கழித்து வந்து இதே பக்கங்களைப் புரட்டும்.

எங்கள் தெருவில் டிசம்பர் முதல் வாரம் வேலை முடிந்தது. மேற்பார்வையாளர் அதே நாடாவோடு வந்தார். நானும் மறுபடி கூட நடந்தேன். மதிப்பீட்டில் 41 மூடிகள். அவர் எண்ணிப் புத்தகத்தில் எழுதியது 38. ஒப்பந்ததாரருக்கு 38க்குத்தான் பட்டியல் தொகை போயிற்று. மற்ற மூன்று இடங்களில் வீட்டுக்காரர்கள் வண்டி ஏற்ற வடிகாலின் மேல் சிமெண்டுச் சாய்தளம் போட்டு வைத்திருந்ததால் மூடி வைக்க வழியில்லை. "இடித்துக் கொடுத்தால் வைத்துவிடலாம், சார்" என்றார் அவர், நோட்டை மூடியபடி. அந்த மூன்று சாய்தளங்களில் நடுவில் இருப்பது என் வீட்டுடையது.